கூடச் சாப்பிட ஒருத்தர்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களின் கை முதலில் மூக்குக்குத்தான் போகும். வாசலில் கால் வைத்ததுமே தானாக எழும்பிவிடும். அப்புறம்தான், நோயாளி இருக்கிற வீட்டில் இப்படிச் செய்யக் கூடாதே என்று உறைக்கும். உடனே மூக்கைச் சொறிவதுபோல் பாவனை செய்துவிட்டுக் கையை இறக்குவார்கள். இவர்கள் சொறிந்த சொறிக்கு இந்நேரம் தெரு முழுக்க மூக்கில் படை வந்திருக்க வேண்டும்.

நாற்றம் என் அக்காவின் கன்னத்திலிருந்து வந்தது. வாய்க்குள் தொடங்கிய புற்று, நாக்கைத் தின்று தீர்த்து, கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாயைச் செருகி அனுப்பிவிட்டார்கள். அவளால் பேச முடியாது, விழுங்கவும் முடியாது. பால், பழச்சாறு, பொடித்துக் கரைத்த மாத்திரை எல்லாமே அந்தக் குழாய் வழிதான்.

எனக்கு அருவருப்பே இல்லை என்று பெருமை பேச மாட்டேன். நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக அழுக்கு விரிப்புகள் வரும். அவற்றைப் பிரித்துப் போடுவது என் வேலை. மனிதர்கள் படுத்து எழுந்த துணியில் என்னென்ன விட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நானே அக்காவுக்கு முதன்முறை கட்டு மாற்றிய அன்று பின்பக்கம் ஓடிப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாக்குற? வந்துச்சு, எடுத்தேன். இப்ப அடுத்த கட்டு போடலாமா?" என்றேன். அவள் தோள்கள் குலுங்கின. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பாலூட்டுவதில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. குழாயின் மேல்நுனி திறந்திருந்தால் வயிற்றுக்குள் காற்று புகுந்துவிடும். அதனால் அவள் குழாயை மடித்து விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நான் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் பாலை நிரப்பி நுனியில் செருகிக் கண்ணைக் காட்டுவேன். அவள் விரலை எடுத்தால் பால் இறங்கும். எடுக்காவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். பேச்சுப் போன பிறகு அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிடிவாதம் அந்த இரண்டு விரல்களில்தான் இருந்தது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வேதக்கோயில்தான் அவளுக்கு எல்லாம். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கி வைப்பது அவள் பொறுப்பு. எங்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே பாத்திரம். திராட்சை ரசத்தை ஒருவர் குடித்ததும் போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு நீட்டுவார். அக்கா பக்கத்தில் நின்று துணியை மாற்றி மாற்றிக் கொடுப்பாள். யார் மடக்கென்று குடிக்கிறார்கள், யார் உதட்டைக்கூட நனைக்காமல் ஒப்புக்குத் தலையைச் சாய்க்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. வெளியே சொல்ல மாட்டாள்.

அந்தத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தனி வாளியில் கையால் துவைப்பாள். நான் தொடக் கூடாது. நாள் முழுக்கத் துணியோடு மாரடிக்கிற என்னைத் தொட விடமாட்டாள். காரணம், நான் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டவள்.

அந்தக் கதை சின்னதுதான். என் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் கொதிக்கிற தண்ணீரோடு வந்தான். நான் கதவைத் திறந்துகொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். சபையின் மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். புருஷனோடு சேர்ந்து வாழப் போகிறவரைக்கும் எனக்குத் திருவிருந்து கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். சொன்னவர் பெரிய மூப்பர். ஊரில் அவரை மைக்கு என்பார்கள். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு தொண்டை. என்னை விலக்கியதையும் அதே தொண்டையில்தான் சொன்னார்.

அக்கா எனக்குச் சோறு போட்டாள், படுக்கப் பாய் கொடுத்தாள், என் புருஷன் வாசலில் வந்து நின்றபோது விளக்குமாற்றோடு போய் விரட்டினாள். ஆனால் மூப்பர்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சபை சொன்னா சொன்னதுதான்டி" என்றாள். எல்லோரும் பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால்போட, நான் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பிள்ளைகளெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அதோடு கோயிலைத் தலைமுழுகினேன். அன்றைக்கு அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குள் இன்னும் ஆறவில்லை, அவள் கன்னம்போலவே.

இப்போது அவளுக்குத் திருவிருந்து வேண்டுமாம். ஒருநாள் காலையில் கட்டு மாற்றி முடித்ததும், இடது உள்ளங்கையை வலதின் மேல் வைத்து, அப்பம் வாங்குகிற மாதிரி ஏந்திக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் பால் சிரிஞ்சைக் கழுவப் போனேன். மத்தியானமும் ஏந்திக் காட்டினாள். சாயங்காலம் குழாயிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பால் ஆறிப் போயிற்று. சரி, உன் பிடிவாதமே ஜெயிக்கட்டும் என்று திட்டிக்கொண்டே போதகரைப் பார்க்கக் கிளம்பினேன்.

போதகர் புதிதாக வந்த பையன். மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. அப்பத்தைத் திராட்சை ரசத்திலும் தண்ணீரிலும் கரைத்துக் குழாய் வழியே கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுக்கலாம், அதில் தடையில்லை என்றார். ஆனால் வேறொன்று இருந்தது. நோயாளிக்கு மட்டும் தனியாகக் கொடுக்கும் வழக்கம் சபையில் கிடையாது. திருவிருந்து பெறும் தகுதியுள்ள ஒருவராவது கூட உட்கார்ந்து, அதே அறையில் சாப்பிட வேண்டும். போதகர் கணக்கில் வரமாட்டார்.

"அவ சாகக் கிடக்கிறா. இதுல என்ன கூட்டம் வேண்டிக்கிடக்கு?" என்றேன்.

"மாத்திரை மாதிரி தனியா கொடுத்துட்டுப் போக இது மருந்து இல்ல சிஸ்டர். பந்தி. ஒருத்தர் மட்டும் உக்கார்ந்தா அதுக்குப் பேர் பந்தியா?"

பதில் பிடித்திருந்தது. அதனாலேயே எரிச்சலும் வந்தது. நான் கூட உட்காரலாமா என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார். என் மேல் இருக்கிற தீர்ப்பை எடுக்க மூப்பர்கள் கூட வேண்டும் என்று முணுமுணுத்தார். போதும், நீங்கள் நோக வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இத்தனை பெரிய சபையில் ஒரே ஒரு ஆள். அவ்வளவுதான் தேவை. அக்கா துலக்கி வைத்த பாத்திரத்தில் குடித்தவர்கள் எத்தனை பேர். ஒருத்தர் வரமாட்டாரா?

வந்தார்கள். வந்து ஜெபம்பண்ணினார்கள். பெண்கள் சங்கத்தின் தலைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் ஜெபித்தாள், உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. திருவிருந்துக்குக் கூட உட்காருங்கள் என்றதும், தனக்குச் சமீபமாக வயிறு சரியில்லை என்றாள். எதிர் வீட்டுக்காரி, மனசு இன்னும் ஆயத்தமாகவில்லை என்றாள். பிரியாணிக்கு ஆயத்தமாவதற்கு இவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

எங்கள் தம்பி ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தான். வாயே இல்லாதவளுக்கு ஆப்பிள். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, தன் பெண்டாட்டி முழுகாமல் இருப்பதாகவும், இந்த வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு போனால் அவளுக்கு ஆகாது என்றும் சொன்னான். அக்காவுக்குக் கேட்காமல் மெதுவாகத்தான் சொன்னான். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். போனது நாக்குதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கி வளர்த்த தம்பி.

"சட்டையக் கழட்டி வச்சுட்டு உக்காருடா. நான் துவைச்சுத் தர்றேன்" என்றேன்.

"சின்னக்கா, நீ புரிஞ்சுக்கவே மாட்டேங்குற" என்றான்.

நன்றாகவே புரிந்தது. அவன் போனதும் அந்த ஆப்பிள் பையைத் தூக்கி எதிர் வீட்டு வாசலில் வைத்தேன், வயிறாவது ஆயத்தமாகட்டும் என்று. இவர்கள் மேல் வந்த குமட்டலுக்கு முன்னால் அக்காவின் சீழ் எனக்கு ஒன்றுமே இல்லை.

பையன் போதகருக்கும் கடைசியில் ரோஷம் வந்திருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில், நம் பாத்திரங்களைத் துலக்கின கைக்கு நம்மில் ஒருவர்கூட இல்லையா என்று கேட்டாராம். அவரவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்களாம். அப்போதுதான் மைக்கு எழுந்து, "நான் வர்றேன்" என்றாராம். சனங்கள் கண் கலங்கியதாகத் தம்பியே வந்து சொன்னான். எனக்கு அந்த மனிதரைக் கண்டால் ஆகாது. ஆனாலும், போகட்டும், இந்த ஒரு காரியத்துக்காகப் பழசை மறந்து அவருக்கு நாற்காலி போடலாம் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானமே வந்தார்கள். அக்காவுக்கு வெளுத்த விரிப்பு மாற்றி, கட்டு மாற்றி, தலை வாரி, சாய்த்து உட்கார வைத்திருந்தேன். போதகர் சின்னப் பெட்டியைத் திறந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாத்திரத்தையும் அப்பத்தையும் எடுத்து வைத்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. ஆனாலும் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். மைக்கு மூக்குக்குக் கீழே தலைவலித் தைலத்தை அப்பிக்கொண்டு வந்திருந்தார். நான் கட்டில் பக்கத்தில் போட்ட நாற்காலியைத் தூக்கிக் கதவோரம் போட்டுக்கொண்டார். முழங்கால் வலியாம். கதவோரம் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காதா என்று நான் கேட்கவில்லை.

போதகர் ஜெபங்களை வாசித்தார். அக்காவின் உதடு இருந்த இடம் லேசாக அசைந்தது. எல்லாமே அவளுக்கு மனப்பாடம். போதகர் அப்பத்தைப் பிட்டு, தான் ஒரு துண்டு உண்டார். எழுந்து போய் மைக்கின் கையில் ஒரு துண்டை வைத்தார். திரும்பி வந்து அக்காவின் துண்டை நுணுக்கி ரசத்தில் கரைக்கத் தொடங்கினார்.

நான் சிரிஞ்சோடு நின்றதால் கதவுப் பக்கம் நேராகத் தெரிந்தது. மைக்கு கையை வாய்க்குக் கொண்டுபோனார். தாடை அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கை கீழே வந்து, மடியிலிருந்த கைக்குட்டைக்குள் போய், கைக்குட்டை சட்டைப் பைக்குள் போயிற்று. வாயில் ஒன்றுமே போகவில்லை. வெறும் வாயை மென்றார் அந்த மனிதர்.

எனக்குக் காலிலிருந்து தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்காவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கரைத்ததைச் சிரிஞ்சில் எடுத்து, குழாய் நுனியில் செருகி, அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அவள் விரலை எடுக்கவில்லை.

போதகர் குனிந்து, "அக்கா, வாங்கிக்கோங்க" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கதவோரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையைத் தூக்கி, நேராக அந்தச் சட்டைப் பையைக் காட்டினாள். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று துணி மாற்றியவளின் கண். அவளை ஏமாற்ற இவர் யார்?

"என்ன வேணுமாம்?" என்றார் மைக்கு.

"பையில இருக்கிறத வாயில போடணுமாம்" என்றேன்.

போதகர் திரும்பிப் பார்த்தார். மைக்கின் முகம் கறுத்தது. கைக்குட்டையை வெளியே எடுத்தார்.

"வீட்டுல போய் சுத்தமா, பயபக்தியா சாப்பிடலாம்னு வச்சேன். இந்த வாடையில எனக்கு வாந்தி வந்துட்டா அது கர்த்தருக்குத்தானே அவமரியாதை?"

பக்தியைப் பாருங்கள். கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தைல வாசம் மட்டும் அறையில் நின்றது.

போதகர் தலையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவரைத் தேடிக்கொண்டு அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அடுத்த வாரம் அவள் இருக்க மாட்டாள் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

அக்கா மேசையைக் காட்டினாள். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து ஒரு கையாலேயே பிரித்தாள். அப்பத் துண்டு மைக்கின் வியர்வையில் ஓரம் ஊறியிருந்தது. கன்னத்துக் கட்டை அடிக்கடி தொடுகிற பழக்கத்தில் அவள் விரல்நுனி எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த விரல்களால் எடுத்தாள். என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

போதகர், "அவங்களுக்கு இன்னும் சபையில..." என்று தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள் நான் வெடித்துவிட்டேன். "யாருமே ஆகலைன்னதும் இப்ப மட்டும் நான் ஆகுமா? ஒரு துணியைத் தொட விட்டியா நீ? கடைசி பெஞ்சுல நான் உக்கார்ந்திருந்தப்ப ஒரு தடவை திரும்பிப் பாத்தியா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. இறங்கவில்லை. மற்றக் கை குழாயை மடித்துப் பிடித்தபடி இருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது நேராகக் கட்டுக்குள் இறங்கியது. உப்பு பட்டால் அந்தப் புண் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். அவள் துடைக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

போதகரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் விரல் என் உதட்டில் பட்டது. பக்தி, பரவசம் எதுவும் எனக்கு வரவில்லை. மருந்தும் சீழும் அந்த ஆளின் வியர்வையும்தான் தெரிந்தது. உடம்பு முழுக்கக் கூசியது. தொண்டை வரை எதிர்த்துக்கொண்டு வந்தது. நான் என் அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.

அவள் விரலை எடுத்தாள். போதகர் வசனத்தைச் சொல்ல, நான் அழுத்தினேன். சிவப்பு நிறம் குழாய்க்குள் ஏறி, வளைந்து, மூக்குக்குள் போய் மறைந்தது. மிச்சமிருந்த ரசத்தைப் போதகர் எனக்கே நீட்டினார். குடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் பால் கேட்கவில்லை. புதன்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

அடக்க ஆராதனைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. பெட்டியை இறுக்கி மூடிப் பூவால் அடைத்திருந்ததால் எல்லோருமே கிட்ட வந்து நின்றார்கள். தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய மூப்பர் எழுந்து, சகோதரியின் ஊழியத்தைப் பற்றிக் கணீரென்று பேசினார். கடைசியில் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "அவங்க கடைசித் திருவிருந்துல அவங்களோட கூட உக்கார்ந்து சாப்பிடுற பாக்கியத்தைக் கர்த்தர் எனக்குத்தான் தந்தார்" என்றார். சனங்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

எனக்கு வந்த அருவருப்பு வாழ்நாளில் வேறெதற்கும் வந்ததில்லை. அவர் முகத்தில் காறித் துப்பியிருப்பேன். அவள் படுத்திருந்த இடம் என்பதால் துப்பவில்லை. எழுந்து நின்றேன். தம்பி கையைப் பிடித்து இழுத்தான், உதறினேன்.

"இவர் சாப்பிடல. நான்தான் சாப்பிட்டேன்" என்றேன்.

கோயில் முழுக்கத் திரும்பியது. விலக்கப்பட்டவள் என்று யாரோ முணுமுணுப்பது கேட்டது. மூப்பர்கள் எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை தப்பித்துவிடும். எனக்கு அதுவும் தெரியும். நான் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா. அவங்கதான் சாப்பிட்டாங்க. நான்தான் கொடுத்தேன்" என்றார் போதகர்.